மண்பானையும் உப்பு நீரும்

திருப்பூர் மாநகரின் வடபகுதியில் நெருப்பெரிச்சல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் குயவரின் சூளை நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. ஆனால் அங்கே கேட்பது பின்னல் எந்திரங்களும் தையல் எந்திரங்களும் ஓடும் ஓசைதான். பனியன் கம்பெனி வேலைக்கென்று பல மாவட்டங்களிலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் குடியிருப்போர் இந்த வட்டாரத்தில் ஏராளம். குளிர்சாதனப் பெட்டி வாங்க வசதியில்லாத வீட்டிலும், மின்சாரம் நின்றுபோகும் கோடை நாளிலும், குளிர்ந்த நீருக்கு மண்பானையே துணை.

மாசி மாதம் வாங்கிய புதுப் பானையை வைகாசியில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். செந்நிறமாக இருந்த அதன் வயிற்றில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவு போல் உதிரும். நாவில் வைத்தால் கரிக்கும். "மண் நீரிலுள்ள அழுக்கையெல்லாம் இழுத்து வெளியே தள்ளிவிட்டது, இனி உள்ளே இருப்பது சுத்தமான நீர்" என்று வீட்டில் பெரியவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. உப்பு வெளியே வந்திருப்பது உண்மை. உள்ளே இருக்கும் நீர் அதனால் நன்னீராகிவிட்டதா? மாசியில் சில்லென்றிருந்த நீர் வைகாசியில் ஏன் அப்படி இல்லை? மாடியில் அதே நீரை ஊற்றி வளர்க்கும் மண்தொட்டிச் செடியின் இலை நுனி ஏன் கருகுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் விடை, பானையின் சுவருக்குள் இருக்கிறது.

மண் ஓடாவது எப்படி?

களிமண் என்பது மிக நுண்ணிய தட்டுகளின் குவியல். சிலிக்கா, அலுமினா ஆகியவற்றாலான இத்தட்டுகளின் இடையே நீர் புகுந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் மண் குயவரின் கைக்கு இசைகிறது. நிழலில் உலரும்போது இடையிலுள்ள நீர் வெளியேறித் தட்டுகள் நெருங்குகின்றன, பானை சுருங்குகிறது. இந்த நிலையில் அதை மீண்டும் நீரிலிட்டால் பழையபடி சேறாகிவிடும்.

சூளையில் வெப்பநிலை சுமார் 450° முதல் 600° செ. வரை ஏறும்போது வேறொன்று நிகழ்கிறது. தட்டுகளின் கட்டமைப்பிலேயே வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் பிரிந்து ஓடிவிடுகிறது. இனி அந்தப் பொருள் களிமண் அன்று. எத்தனை நாள் ஊற வைத்தாலும் சேறாகாது. நாட்டுச் சூளைகளில் பெரும்பாலும் 700° முதல் 900° வரை வெப்பம் கிடைக்கும். அந்த வெப்பத்தில் மண் உருகுவதில்லை. துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாத இடமெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடுகின்றன. பீங்கானை 1,200 பாகைக்கும் மேலே சுடுவதால் அதில் கண்ணாடி போன்ற பொருள் உருகித் துளைகளை மூடிவிடுகிறது. பீங்கான் சாடியில் வைத்த நீர் குளிராததற்கு இதுதான் காரணம்.

இந்த வித்தை நொய்யல் கரைக்குப் புதியதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழாய்வு நடத்தினார்கள். தமிழ்-பிராமி எழுத்துகள் கீறிய பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. உள்ளும் வாய்ப்புறமும் கறுத்து, வெளிப்புறம் சிவந்த கறுப்பு-சிவப்புப் பானைகளும் கிடைத்தன. மண்ணிலுள்ள இரும்பு, காற்றோட்டமாகச் சுட்டால் சிவப்பு ஆக்சைடாகும். காற்றுப் படாமல் புகைக்குள் சுட்டால் கறுக்கும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் ஒரே பானையில் இரண்டு நிறமும் வரும் என்று இதை விளக்குவர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சூளையின் காற்றை ஆளக் கற்றிருந்தார்கள். வேதியியல் பாடம் படிக்காமலேயே!

கடையில் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். 'கணீர்' என்று ஒலித்தால் நன்கு வெந்த, விரிசலில்லாத பானை. 'பொத்'தென்றால் வேகாதது, அல்லது எங்கோ கீறல் விட்டது. இன்னொன்றையும் பாருங்கள். கொங்கு நாட்டு மண்ணில் சுக்கான்கல் மிகுதி. குயவர் மண்ணைச் சலித்து மிதிக்கும்போது தப்பிவிடும் ஒரு சிறு சுக்கான்கல், சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பானை வீட்டுக்கு வந்தபின் அது ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, தன் மேலிருக்கும் ஓட்டைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். குழியும் அதன் நடுவே வெள்ளைப் புள்ளியும் தென்பட்டால் வேறு பானை கேளுங்கள்.

வியர்க்கும் பானை

ஒரு கிராம் நீர் ஆவியாக மாற, 30 பாகை அளவில் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. இதை உள்ளுறை வெப்பம் என்பர். நுண்துளைகள் வழியே கசிந்து வெளிச் சுவரை நனைக்கும் நீர் இந்த வெப்பத்தைப் பானையிடமிருந்தும் அதனுள்ளிருக்கும் நீரிடமிருந்தும் பறித்துக்கொண்டு ஆவியாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லிட்டர் நீரை 10 பாகை குளிர வைக்க 1,00,000 கலோரியை நீக்க வேண்டும். அதை 580-ஆல் வகுத்தால் 172 கிராம். அதாவது ஒரு தம்ளர் நீருக்குச் சற்றுக் குறைவாக ஆவியானால் போதும்! நடைமுறையில் இதைவிட அதிகமாகவே செலவாகும். பானை குளிரக் குளிரச் சுற்றியுள்ள காற்று அதற்கு வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறதல்லவா?

எவ்வளவு குளிரும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணி சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவே அந்த எல்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பது அதன் பெயர். காற்று 38 பாகையும் ஈரப்பதம் 30 விழுக்காடும் உள்ள உள்நாட்டுக் கோடைப் பகலில் ஈரக்குமிழ் சுமார் 24 பாகை காட்டும். காற்று 35 பாகையாக இருந்தும் ஈரப்பதம் 70 விழுக்காடு உள்ள கடற்கரை ஊரில் அது சுமார் 30 பாகை. திருப்பூரில் பானை நீர் குடித்துப் பழகியவர் சென்னைக்குப் போய், "இந்த ஊர்ப் பானை சரியில்லை" என்று குறை சொன்னால், குற்றம் பானையுடையதன்று.

ஆகவே பானையை அடுப்பங்கரை மூலையில் வைக்காமல் காற்றோடும் நிழலில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்குப் பார்த்த சன்னலருகே வைத்த பானை நன்கு வேலை செய்யும். அடியில் ஈர மணலோ, காற்று நுழையும் பிரிமணையோ இருக்கட்டும். பானையைச் சுற்றி ஈரத் துணி கட்டுவதும் நல்லதே. திருப்பூரில் பனியன் வேஸ்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாயமேறாத வெள்ளைப் பருத்தித் துணியாகத் தேர்ந்தெடுங்கள். பாலியஸ்டர் கலந்தது பருத்தியைப் போல நீரைத் தாங்கி நிற்பதில்லை. பானைக்கு எண்ணெய் வண்ணமோ வார்னிஷோ பூசினால் அழகு கூடும், குளிர்ச்சி போய்விடும். பூ வரைந்த பானையை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளலாம், குடிநீருக்கு வேண்டாம்.

வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது?

நீர் ஆவியாகும், அதில் கரைந்த உப்பு ஆவியாகாது. இந்த ஒரு செய்தியில் பாதி விடை அடங்கிவிட்டது. சுவரின் உட்புறத்திலிருந்து உப்பும் நீரும் சேர்ந்தே துளைக்குள் நுழைகின்றன. வெளி விளிம்பை அடைந்ததும் நீர் பறந்துவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புக் கரைந்த நீரை ஊற்றி, நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கசிந்து ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 கிராம். மாதத்துக்கு 60 கிராம். ஒரு கைப்பிடி உப்பு பானையின் தோலில் ஏறிவிடுகிறது.

இப்போது உள்ளே மீதியிருக்கும் நீரைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் வெளியேறியபோது அதற்குரிய உப்பும் அதனுடன் வெளியேறிற்று. மீதமுள்ள ஒன்பது லிட்டரில் லிட்டருக்கு எவ்வளவு உப்பு இருந்ததோ அதுவே இப்போதும் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுவரில் சேர்ந்த உப்பு ஈரத்தின் வழியே சிறிது பின்னோக்கியும் ஊறும். ஆதலால் பானையைக் கழுவாமல் நாள்தோறும் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் நீரின் உப்பு சற்று ஏறவும் கூடும். பானை உப்பை நீக்கும் கருவியன்று. வெளியே தெரியும் வெள்ளைப் பொடி, உள்ளிருக்கும் நீர் எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் ஓர் அடையாளம் மட்டுமே.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது; வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு நீர் எந்த நிலையில் உள்ளது என்பதை ஓரளவு அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே மாதிரியான மூன்று எவர்சில்வர் தட்டுகளில் மழை நீர், குழாயில் வரும் ஆற்று நீர், ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆகியவற்றை 100 மில்லி லிட்டர் அளந்து ஊற்றி வெயிலில் வற்ற விடுங்கள். தட்டில் படியும் வெள்ளையை ஒப்பிட்டாலே போதும். 2,000 மில்லிகிராம் உள்ள நீரானால் 0.2 கிராம் படியும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சரியான அளவு வேண்டுமாயின் ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நொய்யல் வட்டாரத்தில் இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? பாறைப் பாங்கான இந்த நிலத்தில் கிணற்று நீர் இயல்பாகவே சற்றுக் கடினமானது; எல்லாப் பழியையும் சாயப்பட்டறையின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் பெரும் பங்கு அதற்குண்டு. பருத்தி நூலும் வினைச் சாயமும் நீருக்குள் ஒரே வகை மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலின்பால் செலுத்தவே சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறமாயின் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலே. வேலை முடிந்ததும் இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவு நீரோடு போய்விடும். பல்லாண்டுகள் இது நொய்யலிலும், நிலத்தடியிலும், ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரைச் சிறிதும் வெளியே விடாமல் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின்னரே அவை மீண்டும் இயங்கலாயின. எனினும் ஏற்கெனவே நிலத்துக்குள் இறங்கிவிட்ட உப்பு ஓராண்டு, ஈராண்டு மழையில் கழுவப்பட்டுவிடும் பொருளன்று.

சோடியம் சல்பேட்டுக்குப் பானையிடம் தனிப்பட்ட பகை உண்டு என்றே சொல்லலாம். இந்த உப்பு 32 பாகைக்கு மேல் நீரற்ற படிகமாக நிற்கும். வெப்பம் அதற்குக் கீழே இறங்கி ஈரமும் கிடைத்தால், ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு புதுப் படிகமாகிறது. அப்போது அதன் கன அளவு நான்கு மடங்காகிறது! நுண்துளைக்குள் அடைபட்ட படிகம் நான்கு மடங்கு பருத்தால் துளையின் சுவர் என்ன ஆகும்? பகலில் 36, இரவில் 25 என்று ஏறி இறங்கும் நம் கோடையில் இந்தச் சுருக்கமும் பருமனும் நாளுக்கொருமுறை நிகழக்கூடும். பானையின் அடிப்புறம் செதில் செதிலாக உதிர்வதற்கு இது முக்கியமான காரணம். நீர் நிறைந்த பானையைவிட, உப்பேறியபின் காலியாக்கி முற்றத்தில் போட்டுவிட்ட பானை விரைவில் கெடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

துளைகள் உப்பால் அடைபட்டால் கசிவு குறையும். கசிவு குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். வைகாசிப் பானையின் குறை இதுவே. அதைச் சீர்படுத்துவது கடினமன்று. வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் பானையைக் காலியாக்கி நிழலில் நன்றாக உலர விடுங்கள். உலரும்போது உட்சுவரிலுள்ள உப்பும் வெளியே வந்து பூக்கும். அதை உலர்ந்த தேங்காய் நாரால் தேய்த்துத் தள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூத்த உப்பு மீண்டும் கரைந்து உள்ளே போய்விடும். பலர் செய்யும் பிழை இது. பிறகுதான் மழை நீரிலோ ஆற்று நீரிலோ பானையை மூழ்க வைத்து, நாளுக்கொருமுறை நீரை மாற்றி மூன்று நாள் ஊற விட வேண்டும். ஊறியும் போகாத கெட்டியான படிவின் மேல் இரண்டு துளி எலுமிச்சம் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சைத் தோலாலோ புளியாலோ தேய்த்தால் கரையும். குளியலறை கழுவும் அமிலத்தை மட்டும் பானைப் பக்கமே கொண்டுவராதீர்கள். துளைக்குள் போன அமிலத்தை முழுதும் வெளியேற்றுவது எளிதன்று. பிறகு அந்தப் பானை குடிநீருக்கு ஆகாது.

பானை கிருமியைக் கொல்லுமா?

கொல்லாது. மண்பானை நீர் நோய் தீர்க்கும், உடலின் அமிலத்தை மாற்றும் என்றெல்லாம் இன்று விளம்பரங்கள் வருகின்றன. நன்கு சுட்ட மண் நீருடன் ஏறக்குறைய எந்த வினையும் புரியாத பொருள். அந்தப் பெருமைகளுக்கு ஆதாரமில்லை. குழாய் நீரில் கலந்த குளோரின் வாடை பானையில் சில மணி நேரம் நின்றால் குறைகிறது. குளிர்ச்சியும் சேர்வதால் சுவை கூடுகிறது. ஆனால் குளோரின் போய்விட்டால் பாதுகாப்பும் போய்விட்டது என்று பொருள். கை விட்டு மொள்ளும் பானையில் கிருமி புகுந்தால் தடுக்க ஒன்றுமில்லை. நீண்ட காம்புள்ள அகப்பையோ, குழாய் வைத்த பானையோ பயன்படுத்துங்கள். ஐயமுள்ள நீரைக் காய்ச்சி, ஆற விட்டுப் பானையில் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைப்பது அவசியம்.

மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரையே நாடும். அதன் முட்டை பானைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டுவதால் மட்டும் பயனில்லை, தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

கிருமியை நீக்கும் மண்கலமும் உலகில் உண்டு. குவாதமாலா நாட்டில் பெர்னாண்டோ மசாரியெகோஸ் என்பவர் 1981-இல் இதை வடிவமைத்தார். களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து சுட்டால், தூள் எரிந்து போன இடம் சீரான நுண்துளையாகும். அதற்கு வெள்ளிக் கரைசல் பூசுவர். மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீர் அதன் வழியே வடிந்து கீழுள்ள கலத்தில் சேரும்; கிருமிகள் பெரும்பாலும் தங்கிவிடும். அந்த வடிகலத்தாலும் கரைந்த உப்பை நீக்க இயலாது. கரைந்த உப்பின் அயனிகள் துளைகளைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை.

அடுப்பில் வைக்கும் சட்டி

சமையல் சட்டியில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. குடிநீர்ப் பானைக்குத் துளை திறந்திருக்க வேண்டும். குழம்புச் சட்டிக்கு அடைபட வேண்டும். புதுச் சட்டியை ஒரு நாள் நீரில் ஊற வைத்து, அரிசி கழுவிய நீரோ கஞ்சியோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விட்டுப் பழக்குகிறோமே, அதன் அறிவியல் இதுதான்: மாப்பொருள் துளைக்குள் புகுந்து வெந்து பசையாக அடைத்துக்கொள்கிறது. பின்னர் எண்ணெய் தடவினால் அடைப்பு உறுதிப்படும்.

சுட்ட மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அடிப்புறம் சூடேறி விரியும்போது மேற்புறம் குளிர்ந்தே இருந்தால் இடையில் இழுபறி உண்டாகி விரிசல் விழும். ஆகவே காலிச் சட்டியை அடுப்பேற்றாதீர்கள். எரிவாயு அடுப்பில் தீயைச் சிறிதாக வைத்துத் தொடங்குங்கள். கொதிக்கும் சட்டியை ஈர மேடையில் இறக்காமல் பிரிமணையில் இறக்குங்கள். குயவர் மண்ணில் மணல் கலப்பதும் சட்டியின் அடியை உருண்டையாகத் தட்டுவதும் இந்த இழுபறியைத் தாங்கத்தான். சமையல் சோப்பு துளைகளில் புகுந்து அடுத்த குழம்பில் மணக்கும். சாம்பல் அல்லது கடலை மாவும் நாரும் போதும். பளபளவென்று மெருகு பூசிய சட்டிகளில் ஒரு கவனம் தேவை. குறைந்த வெப்பத்தில் உருகும் மெருகுகளில் ஈயம் சேர்ப்பதுண்டு. புளிக்குழம்பு அந்த ஈயத்தைக் கரைத்து எடுத்துவிடும். என்ன மெருகு என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் மெருகில்லாத சட்டியே மேல்.

தயிர் மண்கலயத்தில் கெட்டியாவதற்கும் துளைதான் காரணம்; தெளிந்த நீரில் ஒரு பகுதியைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது.

தொட்டியும் செடியும்

பூந்தொட்டிக்கு வருவோம். மண்தொட்டியின் சுவர் வழியே காற்று புகும், நீர் ஆவியாகும். வேர் அழுகுவது குறைவு, கோடையில் வேர்ப்பகுதி சற்றுக் குளிர்ந்தும் இருக்கும். பிளாஸ்டிக் தொட்டியைவிட அடிக்கடி நீரூற்ற வேண்டியிருப்பது இதற்குக் கொடுக்கும் விலை. உப்பு நீர்ப் பகுதியில் அந்த விலை சற்றுக் கூடுதல். ஊற்றிய நீரெல்லாம் சுவராலும் இலையாலும் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தொட்டி மண்ணிலும் விளிம்பிலும் சேர்கிறது. மண்ணில் உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. செடி வாடுகிறதே என்று இன்னும் அதே நீரை ஊற்றுவார்கள். உப்பு இன்னும் ஏறும். இலை நுனியும் ஓரமும் கருகுவது இதன் அறிகுறி.

ஆகவே உப்பு நீரைச் சிறிது சிறிதாக நாள்தோறும் தெளிப்பதைவிட, அடித்துளை வழியே கொஞ்சம் வடியும் அளவுக்கு இடைவிட்டு நிறைய ஊற்றுவது நல்லது. வடிந்த நீர் உப்பையும் கொண்டுபோகும். தொட்டியின் அடியில் தட்டு வைத்து வடிந்ததை மறுபடியும் உறிஞ்ச விடாதீர்கள்; தட்டில் நிற்கும் நீர் கொசுவுக்கும் தொட்டில். மழை பெய்யும் நாளில் தொட்டிகளைக் கூரைக்கடியில் ஒதுக்காமல் வெட்டவெளியில் வையுங்கள். ஓராண்டு உப்பை ஒரு நல்ல மழை கழுவிவிடும். முக்கியமாக, வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கதே; ஆனால் கருவி நீக்கிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் கொட்டாது. ஓடும் சரளையும் ஒரு சாண் உயரம் நிரப்பினால் வடிகால் பெருகும் என்ற நம்பிக்கை மட்டும் தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள சரளைக்கு நீர் எளிதில் இறங்காது. மண் முழுவதும் ஊறிய பிறகே இறங்கும். சரளை போட்ட அளவுக்கு வேர் இடத்தை இழப்பதுதான் மிச்சம்.

உப்பு நீரையும் மண்கலத்தையும் செடிக்கு நன்மையாகவே இணைக்கும் வழி ஒன்றுண்டு. மெருகில்லாத பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடி, சுற்றிலும் செடி வைப்பது. சீனத்தில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பான் செங்-சி என்பவரின் வேளாண் நூலிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. மண் உலர்ந்தால் பானையிலிருந்து நீரை இழுக்கும். ஈரமாக இருந்தால் இழுப்பது குறையும். நீர் செல்வதை மண்ணே தன் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. 1970-களில் கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.சி. மண்டல் என்ற அறிவியலார், இம்முறையில் உவர் நீரைக் கொண்டே காய்கறிகள் விளைவித்துக் காட்டினார். எப்போதும் ஒரே சீராக ஈரம் இருப்பதால் வேரருகே உப்பு செறிவதில்லை. அது ஈர வட்டத்தின் வெளி விளிம்புக்கும் மேற்பரப்புக்கும் தள்ளப்படுகிறது. செடியை அந்த வெளி விளிம்பில் நடாமல் பானையை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள் நட வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

வாசலில் நான்கடி நிலம் இருந்தாலும் செய்து பார்க்கலாம். ஐந்து லிட்டர்ப் பானை ஒன்று, அதைச் சுற்றி நான்கு தக்காளி அல்லது ஒரு பூசணிக் கொடி. நீர் குறையக் குறைய நிரப்புங்கள். மூடி அவசியம், இல்லாவிட்டால் அதுவும் கொசுவுக்கே. பானையிலிருந்து கசிவது நாளடைவில் குறைந்தால், பருவம் முடிந்ததும் தோண்டியெடுத்து முன்சொன்னபடி உலர்த்தி, தேய்த்து, மழை நீரில் ஊற வையுங்கள். குடிநீருக்கு ஓய்வு கொடுத்த பழைய பானை இதற்குப் போதும். உள்ளே நீரை ஊற்றிச் சிறிது நேரத்தில் வெளிச்சுவர் ஈரமாகிறதா என்று பார்த்துக்கொண்டு புதையுங்கள்.